ஜெர்மனியின் மீயுயர் பணவீக்கமும் செல்வ மறுபகிர்வும்

ஜெர்மனியின் மீயுயர் பணவீக்கம் என்பது, 1914 முதல் 1923 வரை ஜெர்மனியின் நாணயமான மார்க் முதலில் மெதுவாகவும், 1922 இன் நடுப்பகுதிக்குப் பின்னர் மிக விரைவாகவும் மதிப்பிழந்து, இறுதியில் முற்றாகச் செல்லாமற்போன நிகழ்வைக் குறிக்கும். வண்டி நிறையப் பணத்தாள்களைத் தள்ளிச் செல்லும் மக்களின் ஒளிப்படங்கள் வழியாகவே இந்நிகழ்வு பெரிதும் அறியப்பட்டுள்ளது. ஆயினும் இதன் ஆழ்ந்த விளைவு விலை உயர்வு அன்று. நாட்டின் நிலமும் வீடுகளும் ஆலைகளும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் மீதான உரிமை சில ஆண்டுகளுக்குள் ஒரு சாராரிடம் இருந்து மற்றொரு சாராருக்குக் கைமாறியது. நாணய முறை ஒரு சமூகத்தின் செல்வப் பகிர்வை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதற்குப் பொருளியலில் மிகுதியாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

பணத்தின் மதிப்பும் கடன் ஒப்பந்தமும்

பணம் பொருள்களை வாங்குவதற்கான கருவி மட்டும் அன்று. கடன், அடமானம், ஓய்வூதியம், காப்பீடு, வாடகை, கூலி முதலிய ஒப்பந்தங்கள் எல்லாம் பண அளவிலேயே எழுதப்படுகின்றன. ஒப்பந்தம் எழுதிய நாளுக்கும் அது நிறைவேறும் நாளுக்கும் இடையில் பணத்தின் மதிப்பு மாறினால், தாளில் உள்ள எண் மாறாதபோதும் ஒப்பந்தத்தின் உட்பொருள் மாறிவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, ஓர் உழவர் 1,00,000 ரூபாய் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். அன்று ஒரு மூட்டை நெல்லின் விலை 1,000 ரூபாய் எனில், அவரது கடன் 100 மூட்டை நெல்லுக்குச் சமம். திருப்பிச் செலுத்தும் நாளில் எல்லா விலைகளும் இரு மடங்காகியிருந்தால் 50 மூட்டைகளை விற்றே அவர் கடனை அடைத்துவிடலாம். மாறாக, விலைகள் பாதியாகக் குறைந்திருந்தால் 200 மூட்டைகளை விற்க வேண்டியிருக்கும். முதல் நிலையில் கடன் கொடுத்தவரின் செல்வத்தில் ஒரு பகுதி உழவரிடம் சென்றது. இரண்டாவது நிலையில் உழவரின் செல்வம் கடன் கொடுத்தவரிடம் சென்றது. இருவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. புதிதாக எந்த ஆவணத்திலும் கையொப்பமிடவும் இல்லை.

விலை உயரும் என்பதைக் கடன் கொடுப்பவர் முன்னரே அறிந்திருந்தால் அதற்கேற்ப வட்டியை உயர்த்திக் கேட்டிருப்பார். எனவே செல்வம் கைமாறுவதற்குக் காரணம் பணவீக்கம் மட்டும் அன்று, எதிர்பாராத பணவீக்கமே. இதனுடன் மற்றொன்றும் உண்டு. புதிதாக உருவாக்கப்படும் பணம் எல்லோர் கைக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. முதலில் பெறுபவர் பழைய விலையில் பொருள்களை வாங்குகிறார். கடைசியில் பெறுபவர் உயர்ந்துவிட்ட விலையில் வாங்குகிறார். 1755 இல் வெளியான ரிச்சர்ட் கான்டியோனின் நூல் இதனை விளக்குவதால், இது கான்டியோன் விளைவு எனப்படுகிறது. ஜெர்மனியில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன.

பின்னணி

1873 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மார்க் தங்கத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஒரு கிலோகிராம் தூய தங்கத்தில் இருந்து 2,790 மார்க் பெறுமதியான நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஒரு ஐக்கிய அமெரிக்க டாலரின் மதிப்பு ஏறத்தாழ 4.2 மார்க்காக நாற்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது. ஒரு முழுத் தலைமுறை இந்த நிலைத்தன்மையைப் பார்த்தே வளர்ந்தது. எனவே மார்க்கில் சேமிப்பது, நிலத்தில் முதலிடுவதைப் போன்றே உறுதியானது எனக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

சட்டமும் அவ்வாறே கருதியது. பெற்றோரை இழந்த சிறுவர்களின் சொத்தைப் பராமரிக்கும் காப்பாளர்கள், அப்பணத்தை அரசுக் கடன் பத்திரங்கள், வீட்டு அடமானங்கள் போன்ற பாதுகாப்பானவை எனச் சட்டம் ஏற்றுக்கொண்ட முதலீடுகளிலேயே இட வேண்டியிருந்தது. பின்னர் முற்றாக அழிந்தவை இத்தகைய முதலீடுகளே.

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது, பணத்தாள்களைத் தங்கமாக மாற்றித் தரும் கடமையில் இருந்து நடுவண் வங்கியான ரைக்ஸ்பாங்க் விடுவிக்கப்பட்டது. போர்ச் செலவை வரியால் ஈடு செய்வதற்குப் பதிலாக அரசு கடன் வாங்கியது. 1914 முதல் 1918 வரை ஒன்பது போர்க் கடன்கள் 5 விழுக்காடு வட்டியில் திரட்டப்பட்டன. அவற்றின் மொத்தத் தொகை ஏறத்தாழ 9,800 கோடி மார்க். பள்ளி ஆசிரியர்கள், கைம்பெண்கள், சிறு வணிகர்கள், தேவாலயங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள் எனப் பல தரப்பினரும் நாட்டுப்பற்றின் பேரில் இப்பத்திரங்களை வாங்கினர். தங்க நகைகளை அரசுக்கு அளித்து, ஈடாக இரும்பு மோதிரம் பெற்றுக்கொண்டோரும் உண்டு. தோற்ற நாடுகள் இக்கடனை அடைக்கும் என்பதே அரசின் எதிர்பார்ப்பு. ஆனால் தோற்றது ஜெர்மனி.

மதிப்புச் சரிவு

போருக்குப் பின்னர் பதவியேற்ற குடியரசு அரசு, போர்க் கடனுக்கான வட்டி, காயமுற்ற வீரர்களுக்கும் இறந்தோர் குடும்பங்களுக்குமான உதவித்தொகை, 1921 மே மாதத்தில் 13,200 கோடி தங்க மார்க் என வரையறுக்கப்பட்ட போர் இழப்பீடு ஆகியவற்றைச் சுமக்க வேண்டியிருந்தது. வரி உயர்த்தப்பட்டபோதும் அது போதவில்லை. எஞ்சிய பற்றாக்குறை, ரைக்ஸ்பாங்கிடம் கடன் பத்திரங்களைக் கொடுத்துப் புதிய பணத்தாள் பெறுவதன் மூலம் நிரப்பப்பட்டது. 1923 சனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. அங்கு வேலையை நிறுத்தி எதிர்ப்புக் காட்டிய தொழிலாளர்களுக்கு ஜெர்மானிய அரசே ஊதியம் அளித்தது. அதற்கும் அச்சகமே வழியாயிற்று.

ஒரு டாலரின் மாத சராசரி மதிப்பு 1922 சூலையில் 493 மார்க். அது 1923 சனவரியில் ஏறத்தாழ 18,000, ஆகஸ்டில் 46 இலட்சம், அக்டோபரில் 2,500 கோடிக்கு மேல் என உயர்ந்து, நவம்பர் 20 அன்று 4.2 இலட்சம் கோடி மார்க்கில் நின்றது. அம்மாதம் பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை ஏறத்தாழ 20,000 கோடி மார்க்.

இழந்தோர்

மார்க்கில் குறிக்கப்பட்ட சொத்துக்களை வைத்திருந்தோர் அனைவரும் இழந்தனர். 1915 இல் 10,000 மார்க்குக்குப் போர்க் கடன் பத்திரம் வாங்கிய ஒருவரின் முதலீடு, போருக்கு முந்தைய காலத்தில் ஒரு தொழிலாளியின் பல ஆண்டு ஊதியத்துக்குச் சமமானது. 1923 நவம்பரில் அதன் மதிப்பு ஒரு தங்க மார்க்கின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. சேமிப்பு வங்கி வைப்புகள், ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்கள், தனியார் ஓய்வூதிய நிதிகள் ஆகியவற்றுக்கும் இதே கதி நேர்ந்தது.

மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், அறநிலையங்கள் முதலியவற்றின் நிலைநிதிகளும் கரைந்தன. ஆய்வு உதவித்தொகைகளும் ஏழை மாணவர் நல்கைகளும் இந்நிதிகளின் வட்டியில் இருந்தே வழங்கப்பட்டு வந்தமையால், இழப்பு நிதியை வைத்திருந்தோருடன் நிற்கவில்லை.

வீட்டு உரிமையாளர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. வாடகைக் கட்டுப்பாட்டால் அவர்களது வாடகை வருவாய் ஏறத்தாழ ஒன்றுமில்லாமற் போயிற்று. ஆனால் வீட்டின் மீதிருந்த அடமானக் கடனும் அழிந்தது. கடன் பெற்று வீடு கட்டி, கையில் உள்ளதை விற்காமல் காலத்தைக் கடத்த முடிந்தவர் ஆதாயம் பெற்றார். அன்றாடச் செலவுக்கு வாடகையையே நம்பியிருந்த முதியவரோ வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்க நேர்ந்தது. ஒரே வகைச் சொத்தை வைத்திருந்த இருவருள் ஒருவர் உயர்வதும் மற்றவர் தாழ்வதும் அவர்களது கைப்பணத்தைப் பொறுத்தே அமைந்தது.

பெற்றோர்

எல்லோரிலும் பெரிய கடனாளி அரசு. எனவே எல்லோரிலும் பெரிய ஆதாயமும் அரசுக்கே. 9,800 கோடி மார்க் போர்க் கடன் முழுவதும் 1923 நவம்பரில் பத்துத் தங்கக் காசுக்கும் குறைவான தொகையாகச் சுருங்கியது (ஒரு மார்க் நூறு காசு). வேறொரு வகையில் கூறுவதாயின், போரின் செலவை இறுதியில் செலுத்தியவர்கள் அரசை நம்பிக் கடன் கொடுத்தவர்கள். இது எந்த நாடாளுமன்றமும் வாக்களித்து இயற்றாத ஒரு சொத்து வரி எனலாம்.

நிலவுடைமையாளர்களும் உழவர்களும் பழைய அடமானக் கடன்களில் இருந்து விடுபட்டனர். ஒரு காலத்தில் பண்ணையின் பாதி விலைக்குச் சமமாக இருந்த கடனைச் சில முட்டைகளின் விலையைக் கொண்டு அடைத்துவிட முடிந்தது.

தொழிலதிபர்கள் பெற்ற ஆதாயம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ரைக்ஸ்பாங்க் அரசுக்கு மட்டுமன்றித் தொழில் நிறுவனங்களுக்கும் கடன் அளித்தது. மூன்று மாதத்தில் பணம் தருவதாக எழுதிய மாற்றுண்டியலை நிறுவனம் ஒன்று கொண்டுவந்தால், வட்டியைக் கழித்துக்கொண்டு வங்கி உடனே பணம் கொடுத்துவிடும். இவ்வட்டி, அதாவது தள்ளுபடி வீதம், 1922 சூலை இறுதி வரை ஆண்டுக்கு 5 விழுக்காடாகவே இருந்தது. 1923 தொடக்கத்தில் அது 12 விழுக்காடு. செப்டம்பரில் 90 விழுக்காடு. இவ்வீதங்கள் உயர்வாகத் தோன்றினாலும் விலைகள் உயர்ந்த வேகத்துக்கு முன்னால் பொருளற்றவை.

1922 சூலையில் ஒரு நிறுவனம் 4,93,000 மார்க் கடன் பெற்றது எனக் கொள்வோம். அன்றைய சராசரி மாற்று வீதத்தில் அது 1,000 டாலர். அப்பணத்துக்கு நிலக்கரியோ, எந்திரமோ, டாலரோ வாங்கிக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குப் பின்னர் அக்டோபரில் ஒரு டாலர் ஏறத்தாழ 3,180 மார்க். வட்டியையும் சேர்த்து அந்நிறுவனம் திருப்பிச் செலுத்திய தொகை 160 டாலருக்கும் குறைவு. எஞ்சிய 840 டாலர் வங்கியின் இழப்பாகக் கணக்கில் வராது. கையில் மார்க் வைத்திருந்த அனைவரின் வாங்கும் திறனில் இருந்தும் சிறிது சிறிதாக அது எடுக்கப்பட்டுவிட்டது. இத்தகைய கடனை ஒரு தையற்காரரோ ஓய்வுபெற்ற எழுத்தரோ பெற முடியாது. வங்கியின் வாயிலுக்கு அருகில் இருந்தோருக்கே அது கிட்டியது.

இவ்வழியில் பெரும்பொருள் சேர்த்தவராக அக்காலத்தோர் சுட்டிக்காட்டியவர் ஊகோ ஸ்டின்னெஸ். நிலக்கரி, எஃகு, கப்பல், செய்தித்தாள், தங்குவிடுதி எனப் பல துறை நிறுவனங்களைக் கடன் பணத்தில் அவர் வாங்கிக் குவித்தார். 1924 ஏப்ரலில் அவர் இறந்தார். மார்க் நிலைபெற்ற பின்னர் கடன் மீண்டும் உண்மையான சுமையாயிற்று. 1925 இல் அவரது பேரரசு சிதறியது. பணவீக்கத்தில் சேர்ந்த செல்வம் எல்லாம் நிலைத்து நிற்கவில்லை என்பதற்கு இது சான்று.

அக்காலத்தில் ரைக்ஸ்பாங்கின் தலைவராக இருந்த ருடால்ஃப் ஆவென்ஸ்டைன் இதனைத் தீய நோக்கத்துடன் செய்தார் எனக் கூறுவதற்கில்லை. பணத்தாள் பற்றாக்குறையே நாட்டின் சிக்கல் எனவும், போதிய தாள்களை அச்சிட்டு வழங்குவது தமது கடமை எனவும் அவர் உண்மையாகவே நம்பியதாகத் தெரிகிறது.

ஊதியம் பெறுவோரும் வரியும்

தொழிலாளர்களிடம் இழப்பதற்குப் பெரிய சேமிப்பு இருக்கவில்லை. அவர்களின் இழப்பு காலத் தாழ்ச்சியால் ஏற்பட்டது. ஊதியம் முதலில் வாரந்தோறும், பின்னர் வாரம் இருமுறை, இறுதியில் நாள்தோறும் வழங்கப்பட்டது. கூலி கைக்கு வந்தவுடன் கடைக்கு ஓடாவிட்டால் மாலைக்குள் அதன் மதிப்பு குறைந்துவிடும். 1922 வரை வேலையின்மை குறைவாக இருந்ததையும், தொழிற்சங்கங்கள் கூலியை ஓரளவு உயர்த்திப் பெற்றதையும் மறுக்க இயலாது. 1923 இறுதியில் இந்நிலை குலைந்து, தொழிற்சங்க உறுப்பினர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார். உயர்நிலை அரசு அலுவலர்களுக்கும் கடைநிலைப் பணியாளர்களுக்கும் இடையிலான ஊதிய வேறுபாடு இக்காலத்தில் பெரிதும் சுருங்கியது. படித்த நடுத்தர வகுப்பினரின் மனக்கசப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

வரி முறையிலும் இதே காலத் தாழ்ச்சி வேலை செய்தது. 1920 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னர் ஊதியக்காரர்களின் வருமான வரி, கூலியிலேயே பிடித்தம் செய்யப்பட்டது. வணிகர்களும் தொழில் உரிமையாளர்களும் கணக்குக் காட்டி, மதிப்பீடு முடிந்து, பல மாதங்களுக்குப் பின்னர் வரி செலுத்தினர். அதற்குள் அத்தொகை தேய்ந்துபோயிருக்கும். சட்டத்தின் எழுத்தில் செல்வருக்கு உயர்ந்த வரி விகிதம். நடைமுறையிலோ வரிச்சுமையின் பெரும்பகுதி கூலிக்காரர் மீது. இச்சூழலில் வரிச் சட்டத்தை விட நாட்காட்டியே வலிமை வாய்ந்ததாக இருந்தது.

வெளிநாட்டினர்

மார்க் மீண்டும் பழைய மதிப்பை அடையும் என நம்பி, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்த பலர் 1919 முதல் 1922 வரை மார்க் தாள்களையும் வைப்புகளையும் வாங்கினர். அவர்கள் கொடுத்த அந்நியச் செலாவணி ஜெர்மனியின் இறக்குமதிக்குப் பயன்பட்டது. அவர்கள் பெற்ற மார்க் இறுதியில் வெறும் தாளாயிற்று. ஆகவே செல்வம் ஜெர்மானியருக்குள் மட்டுமன்றி, வெளியில் இருந்து ஜெர்மனிக்கும் பாய்ந்தது. ஜெர்மனி செலுத்திய போர் இழப்பீட்டைக் கணக்கிடும்போது இதனை மறந்துவிடுவோர் பலர்.

ரென்டன்மார்க்

1923 நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்னும் புதிய பணம் வெளியிடப்பட்டது. ஒரு ரென்டன்மார்க் ஓர் இலட்சம் கோடி பழைய தாள் மார்க்குக்குச் சமமாக வைக்கப்பட்டது. நிலம், தொழில் சொத்துக்கள் மீதான அடமானம் இதற்கு ஈடாகக் காட்டப்பட்டது. எனினும் அது நிலைத்ததற்கு ஈட்டை விட, வெளியிடும் அளவுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பும், அரசுக் கடன் பத்திரங்களுக்கு ரைக்ஸ்பாங்க் பணம் கொடுப்பதை நிறுத்தியதுமே காரணங்கள் எனக் கருதப்படுகின்றது. நிதி அமைச்சர் ஆன்ஸ் லூதரும் நாணய ஆணையர் யால்மார் ஷாக்ட்டும் இதனை நடைமுறைப்படுத்தினர். 1924 இல் தங்க அடிப்படையிலான ரைக்ஸ்மார்க் வந்தது.

மார்க்குக்கு மார்க்

பணம் நிலைபெற்றவுடன் அதுவரை அடங்கியிருந்த கேள்வி எழுந்தது. 1913 இல் 20,000 தங்க மார்க் கடன் பெற்றவர், 1923 இல் 20,000 தாள் மார்க்கைக் கொடுத்து அடமானத்தை மீட்டுக்கொண்டால் அது கடன் தீர்ந்ததாகுமா? 'மார்க்குக்கு மார்க்' என்னும் கொள்கையின்படி சட்டம் அதுவரை ஆம் என்றே கூறி வந்தது.

1923 நவம்பர் 28 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் இக்கொள்கையைக் கைவிட்டது. கடமைகள் நல்லெண்ணத்துடன் நிறைவேற்றப்பட வேண்டும் எனக் கூறும் குடிமையியல் சட்டத்தின் 242 ஆம் பிரிவின்படி, மதிப்பிழந்த தாளை ஏற்றுக்கொள்ளுமாறு கடன் கொடுத்தவரைக் கட்டாயப்படுத்த முடியாது எனத் தீர்ப்பளித்தது. மறுமதிப்பீட்டைத் தடை செய்ய அரசு எண்ணியபோது, 1924 சனவரியில் அந்நீதிபதிகளின் சங்கம் வெளிப்படையாகவே எச்சரிக்கை விடுத்தது. நீதிமன்றம் அரசின் பணச் சட்டத்துக்கு எதிராக இவ்வாறு எழுந்தது அந்நாட்டில் புதிது.

இதன் பின்னர் அரசு இறங்கி வந்தது. 1924 பெப்ரவரி 14 ஆம் நாள் ஆணை அடமானங்களைத் தங்க மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. 1925 சூலை 16 ஆம் நாள் சட்டம் அதனை 25 விழுக்காடாக்கியது. ஆனால் முதலைத் திரும்பப் பெற 1932 வரை காத்திருக்க வேண்டும். தொழில் நிறுவனங்களின் பத்திரங்களுக்கு 15 விழுக்காடு. அரசோ தனது கடன் பத்திரங்களுக்கு 2.5 விழுக்காடே ஒப்புக்கொண்டது. 1920 சூலைக்கு முன்னர் வாங்கி, விற்காமல் வைத்திருந்தோருக்கு மட்டும் சீட்டுக் குலுக்கல் மூலம் அதன் ஐந்து மடங்கு, அதாவது 12.5 விழுக்காடு, படிப்படியாகத் திருப்பித் தரப்பட்டது. தனியாரை விட அரசு தனது கடனாளர்களைக் குறைவாக நடத்தியதைப் பலர் மறக்கவில்லை.

கடன் சுமை நீங்கிய வீட்டு உரிமையாளர்கள் மீது 1924 முதல் ஒரு தனி வரி விதிக்கப்பட்டது. பணவீக்கத்தின் ஆதாயத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குத் திருப்பும் முயற்சி இது. பிராங்பேர்ட், பெர்லின் முதலிய நகரங்களில் 1920களில் எழுந்த புகழ்பெற்ற குடியிருப்புகளின் கட்டுமானத்துக்கு இவ்வரியின் ஒரு பகுதி பயன்பட்டது.

முழு மறுமதிப்பீடு பெற்றுத் தருவதாக 1924 தேர்தல்களில் வாக்களித்த ஜெர்மானிய தேசிய மக்கள் கட்சி, அரசில் சேர்ந்த பின்னர் 25 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஏமாற்றமடைந்த சேமிப்பாளர்கள் 1926 இல் தமக்கெனத் தனிக் கட்சி அமைத்தனர். 1928 தேர்தலில் அது இரண்டு இடங்களையே பெற்றது.

ஆய்வாளர்களின் கருத்துக்கள்

ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1923 இல் வெளியிட்ட நாணயச் சீர்திருத்தம் பற்றிய நூலில், சமூகத்தை முதலீட்டாளர், தொழில் நடத்துவோர், ஊதியம் பெறுவோர் என மூன்றாகப் பிரித்து, பண மதிப்பின் மாற்றம் ஒவ்வொருவரையும் எவ்வாறு தாக்குகிறது என ஆராய்ந்தார். பணவீக்கம் முதலீட்டாளருக்கும், விலைகள் வீழும் பணவாட்டம் கடனாளிகளுக்கும் வேலைவாய்ப்புக்கும் தீங்கு செய்வன என்பது அவரது முடிவு. அக்காலத்தில் பெர்லினில் பணியாற்றிய இத்தாலியப் பொருளியலாளர் கொஸ்தான்தினோ பிரெச்சியானி-துர்ரோனி 1931 இல் எழுதிய நூல், செல்வம் கைமாறியதைத் தரவுகளுடன் விளக்கும் முதன்மையான ஆய்வாக இன்றும் கருதப்படுகிறது.

இப்பணவீக்கமே இட்லரை ஆட்சிக்குக் கொண்டுவந்தது எனப் பரவலாகக் கூறப்படுவதுண்டு. கால வரிசை இதற்கு நேரடியாகத் துணை செய்யவில்லை. பணவீக்கம் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1928 இல், நாசிக் கட்சி பெற்ற வாக்குகள் 2.6 விழுக்காடே. 1932 சூலையில் அது 37 விழுக்காட்டைத் தாண்டியபோது நாட்டில் நிலவியது பணவீக்கம் அன்று, பணவாட்டம். தலைமை அமைச்சர் ஐன்ரிக் புரூனிங் 1930 முதல் 1932 வரை ஊதியங்களையும் விலைகளையும் ஆணைகள் மூலம் குறைத்தார். மீண்டும் பணவீக்கம் வந்துவிடும் என்ற அச்சம் இக்கொள்கைக்குப் பின்னால் இருந்த காரணங்களுள் ஒன்று.

பணவாட்டம் செல்வத்தை எதிர்த்திசையில் நகர்த்தியது. 1923 இல் கடன் நீங்கிய உழவர்களிடம் நிலம் இருந்தது; விதையும் உரமும் வாங்கக் கைப்பணம் இருக்கவில்லை. எனவே 1924 முதல் உயர்ந்த வட்டிக்குப் புதிய கடன்களைப் பெற்றனர். இம்முறை மார்க் தங்கத்தைப் போல உறுதியாக நின்றது. வீழ்ந்தது தானியத்தின் விலை. 1920களின் இறுதியில் வடக்கே சிலெசுவிக்-ஒல்சுடைன் பகுதியில் வரி நிலுவைக்கும் கடனுக்குமாகப் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. 1928 இல் அங்கு உழவர் கிளர்ச்சி வெடித்தது. 1932 சூலைத் தேர்தலில் நாசிக் கட்சிக்குப் பெரும்பான்மை வாக்குகளை அளித்த பகுதியும் அதுவே.